ரோசி அக்கா அனுப்பாமல் வைத்துவிட்டுப் போன பூ

முதலில் என் கண்ணில் பட்டது, மச்சம் இல்லை என்பதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை. திருவொற்றியூரிலிருந்து ரயிலில் வந்து ராயபுரத்தில் இறங்கி, கல்மண்டபம் பக்கமாகக் கடைக்கு நடந்துகொண்டிருந்தேன். மதில் சுவரில் புதிதாகச் சுவரொட்டிகள் ஒட்டியிருந்தார்கள். பசை காயாமல் ஓரத்தில் வழிந்துகொண்டிருந்தது. மேலே கண்ணீர் விடும் இரண்டு கண்கள், கீழே மெழுகுவத்தி, நடுவில் ஒரு பெண்ணின் முகம். மாவு பூசியதுபோல வெளுத்திருந்தது. ரோசி அக்கா ஜாடையில் யாரோ என்று நினைத்தேன். அக்காவாக இருந்தால் மேலுதட்டுக்கு மேலே இடது பக்கம் மிளகு அளவுக்கு ஒரு மச்சம் இருக்கும். இந்த முகத்தில் இல்லை. தாண்டிப் போய்விட்டேன். பிறகுதான் படத்துக்குக் கீழே இருந்த பெயர் மனதில் ஏறியது. திரும்பி வந்து வாசித்தேன். ரோசலின் சேவியர்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். ஆட்டோவில் ஏற்றுவதற்குள் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை மாலை அடக்கமும் ஆகிவிட்டது. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று நான் திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை. போனில் ரீசார்ஜ் தீர்ந்திருந்தது. எனக்குச் சொல்ல எல்லோரும் முயன்றிருக்கிறார்கள். கடைசியில் சொன்னது சுவர்தான்.

அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி உங்கள் சேகரிப்பாளர் குழுவிலிருந்து கேட்டபோது, கடை முதலாளி கரீம் பாய், “நானு பேரம் பேசறவன், எனக்கு எழுத்து வராது. நீதான் அவகூடவே இருந்தே, நீ எழுது” என்று என்னிடம் தள்ளிவிட்டார். நான் ஒன்பதாவதோடு நின்றவள். இங்கே எழுதியிருப்பதில் பாய்க்குப் பிடிக்காத இடங்களும் உண்டு. அவர் படித்துவிட்டுத் திட்டினார். பிறகு, “சரி, அனுப்பு” என்றார்.

உங்களில் பெரும்பாலோர் அக்காவை நேரில் பார்த்ததில்லை. போனில் அவர் குரலையும், படங்களின் ஓரத்தில் அளவுகோல் பிடித்திருக்கும் அவர் விரல்களையும்தான் பார்த்திருப்பீர்கள். வீடு காலி செய்கிறவர்களிடமிருந்து பழைய கடிகாரம், கேமரா, விளக்கு, சட்டம் போட்ட படங்கள் என்று வாங்கி விற்பது எங்கள் கடை. விலை பேசி வாங்குவது பாய். தூசி தட்டுவதும் பார்சல் கட்டுவதும் நான். வந்த பொருளைப் படம் எடுத்து, இணையத்தில் எங்கள் கடைப் பக்கத்தில் போட்டு, உங்களிடம் பேசுவது அக்கா. பேசுவது என்றால் சாதாரணப் பேச்சு இல்லை. வடக்கே மும்பையிலிருந்து கூப்பிடுகிறவருக்கும் தமிழிலேயே பதில் சொல்லிப் புரியவைத்துவிடுவார்.

அவரால் ஓரிடத்தில் உட்காரவே முடியாது. கடையில் அவருக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அதில் எப்போதும் கேமராப் பைதான் உட்கார்ந்திருக்கும். சோற்றை நின்றுகொண்டே சாப்பிடுவார். போன் வந்தால் பேசிக்கொண்டே வாசலுக்கு வருவார், வாசலிலிருந்து தெருவுக்கு இறங்குவார், தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்கே போய்விடுவார். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ஹாரன் அடிக்கும். போனை ஒரு கையால் பொத்திக்கொண்டு, “இன்னா நைனா, ஏரோப்ளேனா ஓட்றே? ஒரு பொம்பள பேசறது தெரியல?” என்று லாரிக்காரனைக் கேட்டுவிட்டு, உடனே குரலை மாற்றி, “ஆங் சார், சொல்லுங்க சார்” என்பார்.

பாய் ஒருமுறை, “ஏம்மா, குந்தி பேசினா வாய் வேலை செய்யாதா உனுக்கு?” என்று கேட்டார்.

“குந்தினா தூக்கம் வரும் பாய். தூங்கினா உன் கடைய யாரு ஓட்டுவா?”

“கடைய நான்தான் ஓட்றேன்.”

“ஆமா, ஓட்டிட்டே. கடிகாரம் ஓடுது, நீ ஓட்றே.”

அந்தக் கடிகாரங்கள் எதுவும் ஓடாது. பாயும் சிரித்துவிட்டார்.

என்னை அவர் திருத்த முயன்றதில்லை. நான் பேசாமல் இருப்பது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. “வாய்க்குள்ள கொழுக்கட்டை வச்சிகினு கீறியா? எனக்கும் ஒன்னு குடு” என்பார். கடைப் போன் அடித்தால் நான் அதை எடுத்துக்கொண்டு தெருவில் அவரைத் தேடி ஓடுவேன். ஒருநாளும், நீயே எடுத்துப் பேசு என்று சொன்னதில்லை. அவருக்கு இரண்டு பேருக்குப் போதுமான வாய் இருந்தது. எனக்குக் கால் இருந்தது. அப்படியே ஓடிக்கொண்டிருந்தோம்.

இப்போது அந்தப் பூவுக்கு வருகிறேன். உங்களில் பலர் எங்கள் பக்கத்தில் அதைப் பார்த்திருப்பீர்கள். கறுப்பு வெள்ளை. படம் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரே ஒரு பூ, கிட்டத்தில் போய் எடுத்தது. பின்னால் ஒன்றுமில்லாத இருட்டு. மடிப்புகள் தகடு வளைத்ததுபோலக் கூர்மையாக இருக்கும்.

ராயபுரத்தில் ஒரு சந்து வீட்டை அண்ணன் தம்பிகள் விற்றுப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அங்கே சாமான் எடுக்க அக்காவும் நானும் போனோம். வீட்டுப் பெண் தேவகியம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். கூடத்துச் சுவரில் இறந்தவர்களின் படங்கள் வரிசையாக இருந்தன. பிளாஸ்டிக் மாலை, சிவப்பு பல்பு, கண்ணாடியின் மேல் நெற்றி இருக்கும் இடத்தில் சந்தனமும் குங்குமமும். அப்பா படத்துக்கும் அம்மா படத்துக்கும் நடுவில் இந்தப் பூ. அதற்கும் மாலை, அதற்கும் பொட்டு.

அக்கா பார்த்துவிட்டு, “இன்னாம்மா, பூவுக்குப் பொட்டு வச்சிகீறீங்க?” என்றார்.

“அது பூ இல்லம்மா. எங்க அக்கா.”

தேவகியம்மா பிறப்பதற்கு முன்பே அவருடைய அக்கா சின்னக் குழந்தையாக இறந்துவிட்டாள். அவளை யாரும் படம் எடுத்து வைத்திருக்கவில்லை. எங்கள் பக்கத்து வீடுகளில், கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று சொல்லி, வருடத்துக்கு ஒருமுறை புதுத்துணியும் பூவும் வைத்துப் படைத்துக் கும்பிடுவது வழக்கம். படைக்க ஒரு முகம் வேண்டுமே. தேவகியம்மாவின் அப்பா துறைமுகக் கம்பெனி ஒன்றில் ஒரு வெள்ளைக்காரருக்குக் கார் ஓட்டியவர். அந்த வீட்டு அம்மாள் எந்நேரமும் கேமராவோடு தோட்டத்தில் குந்திக்கொண்டிருப்பாராம். ஊருக்குத் திரும்பும்போது, தான் எடுத்த பூப் படம் ஒன்றை டிரைவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். “பூவாடைக்காரிக்குப் பூவே முகமா வந்துட்டுதுன்னு எங்கம்மா மாட்டிடுச்சி. நாங்க வளந்ததே இதைப் பாத்துதான். ‘அக்காவுக்குச் சொல்லிட்டுப் போ’ன்னுதான் ஸ்கூலுக்கே அனுப்பும்” என்றார் தேவகியம்மா.

அக்கா எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவர்.

“அப்ப இத்த ஏம்மா விக்கறே?” என்று மட்டும் அன்றைக்குக் கேட்டார்.

“எர்ணாவூர்ல தம்பி புள்ளைங்ககூட போயி இருக்கப் போறேன். சுவரெல்லாம் ஓதம், உப்புக் காத்து. இப்பவே பாரு, எங்கப்பா படத்துல பூஞ்சை புட்ச்சி மூஞ்சே போயிடுச்சி. அக்காவும் அப்டி ஆயிட்டா? யாரனா நல்லா வச்சிக்கிறவங்க கையில குடும்மா. அது போதும்.”

ஒரு கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எங்கள் கடையில் அவ்வளவு சண்டை நடந்ததில்லை. என்ன பூ என்று யாருக்கும் தெரியவில்லை. பாய் வாழைப்பூ மடல் என்றார். டீ கொண்டுவரும் அண்ணன் பார்த்துவிட்டு, “பூவா இது? கோயில்ல கட்ற குழாய் ஸ்பீக்கர் அக்கா” என்றார். அக்கா லில்லி என்று முடிவு கட்டி, அப்படியே பக்கத்தில் போட்டுவிட்டார். அன்றைக்கே கோயம்புத்தூர் சார் கூப்பிட்டார். இந்தக் குழுவில் அவரை எல்லோருக்கும் தெரியும்; பெயர் வேண்டாம் என்று அவரே சொன்னதால் இப்படி எழுதுகிறேன்.

அக்கா ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு நடந்ததால் நானும் பின்னாலேயே நடந்து கேட்டேன்.

“மேடம், அது லில்லி இல்லீங்க. ஊமத்தம்பூ.”

“ஊமத்தையா? எங்க ரயில்வே லைன் ஓரத்துல, குப்பைல மொளைக்குமே, அதா சார்?”

“அதேதானுங்க. அதான் அதுல விசேஷம். பூவை அழகுக்காக எடுக்கலீங்க, அதோட வடிவத்துக்காக எடுத்திருக்காங்க. அந்தக் காலத்துல நம்மூர்ல அது ரொம்பப் புதுசு. எடுத்தப்பவே அவங்க கையால போட்ட பிரிண்ட்டா இருந்தா இன்னும் விசேஷம். பின்னாடி ஏதாச்சும் எழுதியிருக்குங்களா, பாருங்க.”

போனை வைத்ததும் அக்கா எனக்கு விளக்கினார்: “மேட்டர் இன்னான்னா, பூவ பூ மாதிரி எட்த்தா கேலண்டர். பைப்பு மாதிரி எட்த்தா மாடர்ன். புரிஞ்சிதா?”

புரிந்தது. அன்று மாலை ரயிலில் போகும்போது ஜன்னல் வழியாக ஊமத்தைச் செடிகளையே பார்த்துக்கொண்டு போனேன். எவ்வளவு இருந்தன! ஒன்றுகூட அந்தப் படத்தில் இருப்பதுபோல இல்லை.

சாருக்காக அக்கா படத்தைச் சட்டத்திலிருந்து வெளியே எடுத்தார். சட்டத்தைக் கரையான் அரித்திருந்தது. கண்ணாடியில் வருடக்கணக்காக வைத்த பொட்டுகள் கெட்டியாகப் பிடித்திருந்தன. ஆனால் உள்ளே காகிதம் நேற்று அச்சிட்டதுபோல இருந்தது. எங்கும் ஒரு கீறல் இல்லை. பின்பக்கம் பென்சிலில் ஒரு கையெழுத்து, ஒரு ரப்பர் முத்திரை. முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலை என்று எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினார். சார் நெடுநேரம் பதிலே போடவில்லை. பிறகு, “மேடம், வேற யாருக்கும் காட்டாதீங்க. இவ்வளவு சுத்தமா ஒண்ணு கிடைக்கும்னு நினைக்கலீங்க. நானே எடுத்துக்கறேன்” என்று அவர் சொன்னபோது, அக்கா தெருவின் நடுவில் நின்று என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பின்னால் லாரிகள் நின்றுபோயின.

சட்டம் வேண்டாம், இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவில் வைத்து அனுப்பினால் போதும் என்றார் சார். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அந்த வாரம் தேவகியம்மா கடைக்கு வந்தார். சனிக்கிழமை பூவாடைக்குப் படைக்கிற நாள். “எர்ணாவூர்ல வெறும் சுவருக்கா படைக்கறது? இன்னும் நீ அனுப்பலன்னா, ஒரே ஒரு வாட்டி இங்க வந்து படைச்சிக்கறேன்” என்றார். பாய் ஊரில் இல்லை. அக்கா யோசிக்கவே இல்லை.

“வா, தாராளமா வா. எங்க வூட்லயும் செத்தவங்களுக்கு மெழுகுவத்தி கொளுத்துவோம். நெருப்பு ஒன்னுதானே? ஆனா கற்பூரம் மட்டும் வாசல்ல. உள்ள பூரா பேப்பர் ஐட்டம், எரிஞ்சிதுன்னா பாய் நம்ம ரெண்டு பேரையும் பூவாடை ஆக்கிடுவாரு.”

சனிக்கிழமை தேவகியம்மா வடை, சர்க்கரைப் பொங்கல், கண்ணாடி வளையல், ஒரு சிவப்புப் பட்டுப் பாவாடை எல்லாம் கொண்டுவந்தார். பாவாடை நான்கு வயதுக் குழந்தைக்கு ஆகும். “எங்கம்மா எட்த்த அதே சைஸுதான் எட்ப்பேன். அவ வளரவே மாட்டா. நான்தான் கெழவி ஆயிட்டேன்” என்றார். படைத்தபின் தெருவில் ஏதாவது ஒரு குழந்தைக்கு அதைக் கொடுத்துவிடுவாராம். அக்கா மேசையைத் துடைத்து, அட்டைப்பெட்டி ஒன்றை முட்டுக்கொடுத்து, படத்தை நிமிர்த்தி வைத்தார். என்னைக் கற்பூரத் தட்டோடு வாசலுக்கு அனுப்பினார். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. வழக்கம்போலப் பேசிக்கொண்டே என்னைத் தாண்டித் தெருவுக்கு இறங்கினார்.

அறுபது வருடமாக அந்த வீட்டில் பொட்டு வைத்தது கண்ணாடியின் மேல்தான். கண்ணாடி இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். தேவகியம்மாவின் கைக்குத் தெரியாது. கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துவிட்டு, குழைத்த சந்தனத்தை விரலில் எடுத்து, எப்போதும் வைக்கும் இடத்திலேயே வைத்தார். அதன்மேல் குங்குமம். விரல் காகிதத்தில் பட்டதும் அவருக்கே தெரிந்துவிட்டது. உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். பூவின் கறுத்த தொண்டைக்கு மேலே, ஈரமாக, மஞ்சள் வளையத்துக்குள் சிவப்பாக ஒரு பொட்டு.

அக்கா திரும்பி வந்து பார்த்தார். போனைக் கட் செய்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் போனைக் கட் செய்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

தேவகியம்மா முந்தானையால் துடைக்கப் போனார். அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். “தொடாதம்மா. தொட்டா பூரா பரவும்.”

“நானே என் கையால கெட்த்துட்டனே. அந்த சாரு வாங்கமாட்டாரே இப்ப. அக்கா யாருக்கும் ஆகாம போயிடுச்சே.”

“கண்ணாடிய கழட்டினது நானு. உனுக்குச் சொல்லாம வுட்டதும் நானு. நீ எப்பவும் செய்றத செஞ்சே. போ, பொங்கல இந்தப் பொண்ணுக்குக் குடு, ஆறிப் போவுது.”

மாலையில் பாய் வந்தார். பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “ஏ ரோசி, இன்னா பண்ணி வச்சிகீறே? கடையா இது, கோயிலா? அந்த ஆளு சுத்தமா கீதுன்னுதானே வாங்கறான்?” அக்கா மேசைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். கடைசியில், “திங்கக்கெழமை நானே சாராண்ட சொல்லிட்றேன். இன்னைக்கு என் வாயி சரியில்ல, கன்னாபின்னான்னு உளறிடுவேன்” என்றார். பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் ஒரு நிமிடம் நின்று நெஞ்சைத் தடவிக்கொண்டார். பொங்கல் நெய் என்று நினைத்தேன்.

அந்தத் திங்கட்கிழமை அவருக்கு வரவே இல்லை.

அடக்கம் முடிந்தபின்தான் நான் அவர் வீட்டுக்குப் போனேன். சேவியர் அண்ணன், அக்காவின் கணவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். வாசலில் கட்டியிருந்த பேனரைக் காட்டி, “பசங்கோ போஸ்டர் அடிக்கச்சொல்ல மச்சத்த எட்த்துட்டானுங்கோ. ‘இப்பதான் அண்ணே சோக்கா கீது’ன்றானுங்கோ. ராத்திரியெல்லாம் அத்தையே பாத்துகினு கீறேன் பாப்பா. யாருன்னே தெரியல” என்றார். அக்காவின் கைப்பையை எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

கடை மறுபடி திறந்த அன்று தேவகியம்மா வந்தார். படியேறவில்லை. எதிர்ப்பக்கம் நின்று, “பூவுல வச்ச பொட்டு அந்தப் பொண்ணையே எட்த்துகிச்சோ?” என்று என்னிடம் கேட்டார். அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, நாற்காலியில் இருந்த கேமராப் பையைத் தூக்கிவிட்டு உட்காரவைத்தேன். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனார்.

கோயம்புத்தூர் சார் துக்கம் விசாரித்து ஒரு செய்தி அனுப்பியிருந்தார். நிதானமாக அனுப்புங்கள், அவசரமில்லை, மேடம் கடைசியாக எனக்காகத் தேடிக் கொடுத்தது என்பதால் அதை என் அறையிலேயே மாட்டப் போகிறேன் என்று எழுதியிருந்தார். பாயிடம் காட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பாத்தியா? இப்பப் போயி பொட்டு பட்டுட்டுதுன்னா, அவ மேலதானே சொல்லுவான்? செத்தவ பேரு ஏம்மா கெடணும்? மண்ணடில ஒர்த்தன் பழைய பேப்பர் சுத்தம் பண்றான். வெள்ளிக்கெழமை தொழுகை முடிஞ்சி இட்டாரேன். முடிஞ்ச வரைக்கும் எட்த்துட்டு அனுப்பிடலாம். நீ வாயத் தொறக்காம இரு. அதான் உனுக்கு நல்லா வருமே.”

பாய் கெட்டவர் இல்லை. அக்கா பெயரைக் காப்பாற்றத்தான் அவரும் நினைத்தார். ஆனால் எனக்கு அதன்பிறகு வேலை ஓடவில்லை. தட்டிய தூசியையே திரும்பத் தட்டினேன். சாருக்கு அனுப்பிய படங்களைக் கடைப் போனில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலை. எதிலும் பொட்டு இல்லை. அந்தப் படங்கள் அன்றைக்கு உண்மை. இந்தப் பொட்டோடு அட்டைக்குள் வைத்து அனுப்பினாலோ, சுரண்டித் துடைத்து அனுப்பினாலோ, அக்கா எடுத்த அத்தனை படமும் பொய்யாகிவிடும். அவர் வாய்திறந்து சொல்லவும் முடியாது.

அக்காவோடு இருந்த நாட்களில் நான் கவனித்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எந்தப் பொருளையும் பக்கத்தில் போடும்போது அவர் முதல் படமாக வைப்பது அதன் குறையைத்தான். முள் உடைந்த கடிகாரம் என்றால் உடைந்த முள். விரிசல் விட்ட லென்ஸ் என்றால் விரிசல். ஒருமுறை அழகான பித்தளை விளக்கு ஒன்றின் அடிப்பாக ஓட்டையை அவர் முதலில் போட்டதற்கு பாய் கத்தினார். “யாரனா பொண்ணு பாக்க வந்தவன்கிட்ட சொத்தப் பல்ல மொதல்ல காட்டுவாங்களா?” என்று கேட்டார். அக்கா சொன்னார்: “சொத்தப் பல்லப் பாத்தும் குந்திகினு காப்பி குடிக்கிறான் பாரு, அவன்தான் பாய் மாப்ள. மத்தவன்லாம் சும்மா பஜ்ஜிக்கு வந்தவன்.”

உங்களில் எத்தனை பேர் அந்த முதல் படத்தைப் பார்த்து அவரை நம்பியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அதைப் பார்த்துத்தான் அந்தக் கடையில் இருந்தேன். நானும் ஒரு குறையோடு வந்து நின்றவள். அவர் அதைப் பார்த்துச் சிரித்தார், மறைக்கச் சொல்லவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது கைப்பை அல்ல, அதுதான்.

வெள்ளிக்கிழமை மதியம் பாய் தொழுகைக்குக் கிளம்பினார். திரும்பும்போது மண்ணடி ஆள் கூடவே வருவார் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அட்டைகளைப் பிரித்து, படத்தைக் கதவோர வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். பொட்டு காய்ந்து, ஓரம் லேசாக வெடித்திருந்தது. அக்காவின் கேமராவில் பொட்டை மட்டும் கிட்டத்தில் ஒரு படம் எடுத்தேன். அளவுகோலை என் விரலால் பிடித்துக்கொண்டேன். பிறகு முழுப் படம் ஒன்று. பக்கத்தில் இருந்த பழைய படங்களை எடுத்துவிட்டு, இவற்றைப் போட்டேன். சாருக்கும் அனுப்பினேன், பொட்டை முதலாவதாக. தேவகியம்மாவின் அக்கா யார், பொட்டு எப்படிப் பட்டது, திங்கட்கிழமை ரோசி அக்கா அவரிடம் சொல்ல இருந்தார் என்பதை எனக்குத் தெரிந்தபடி கீழே எழுதினேன்.

அவர் பார்த்துவிட்டார் என்பதற்கு நீலக் குறி விழுந்தது. எழுதுகிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதுகிறார். மறுபடி நின்றது. பிறகு கடைப் போன் அடித்தது.

தெருவில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. போனை எடுத்து, பச்சையைத் தள்ளி, “சார், நான் கடைலேர்ந்து பேசறேன்” என்றேன்.